நேக் சந்தின் சுவரும் நாலு கார் நிறுத்த இடமும்

ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் சண்டிகர் தமிழ் வீடுகளில் ஒரு டைம்டேபிள் உண்டு. காலையில் இட்லி, அப்புறம் சுக்னா ஏரி, அங்கிருந்து அப்படியே ராக் கார்டன், சாயங்காலம் 17ஆம் செக்டார் கடைவீதி, நேரமிருந்தால் 31ஆம் செக்டார் முருகன் கோவில். மறுநாள் சிம்லாவுக்கோ அமிர்தசரஸுக்கோ வண்டி ஏற்றிவிட்டால் நம்ம கடமை முடிந்தது. பதினாறு வருஷமாக இங்கே குப்பை கொட்டுகிறேன். ராக் கார்டனுக்குள் எத்தனை தடவை போயிருப்பேன் என்று கணக்கே இல்லை. மாமியார் வந்தபோது, மச்சினர் குடும்பம் வந்தபோது, ஆபீஸில் புதுசாகச் சேர்ந்த மதுரைப் பையன்களுக்கு ஊர் சுற்றிக் காட்டும்போது...

எல்லாரும் ஒரே மாதிரிதான் ஆச்சரியப்படுவார்கள். "உடைஞ்ச கப்பு சாசரை வெச்சு இவ்ளோ பண்ணிருக்காரே மனுஷன்!" என்பார்கள். என் மாமியார் மட்டும் சரிவில் படிப்படியாக நிற்கும் பொம்மைக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "கொலு வெச்சிருக்கார், சுண்டல்தான் இல்லை" என்றார். இதைவிட நல்ல விமர்சனத்தை நான் எந்தக் கலைப் புத்தகத்திலும் படித்ததில்லை :-)

ஆனால் இந்தப் பதிவு சுற்றுலா வழிகாட்டி இல்லை மக்களே. 2025 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அந்தத் தோட்டத்தின் சுவரில் ஒரு பகுதியை இடித்தார்கள். ரோட்டை அகலப்படுத்தவும், பக்கத்தில் இருக்கும் உயர்நீதிமன்றத்துக்கு வரும் வண்டிகளை நிறுத்தவும். அப்போது நம்ம ஆட்கள் நிறையப் பேர் "நமக்கெதுக்குங்க இந்த ஊர் வம்பு" என்று ஒதுங்கி நின்றதைப் பார்த்தேன். அது சரியில்லை என்று எனக்குப் படுகிறது. ஏன் என்று சொல்ல முதலில் கதையைச் சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் இரண்டு பத்தி தாண்டி வாருங்கள்.

நேக் சந்த் 1924இல் பிறந்தவர். ஊர் பெரியான் கலான், ஷக்கர்கர் தாலுகா. அப்போது அது குர்தாஸ்பூர் ஜில்லா. 1947இல் கோடு போட்டபோது குர்தாஸ்பூரின் மற்ற தாலுகாக்கள் இந்தியாவுக்கு வந்தன, ஷக்கர்கர் மட்டும் பாகிஸ்தானுக்குப் போனது. குடும்பம் ஊரை விட்டுக் கிளம்பி இந்தப் பக்கம் வந்தது. 1951இல் அவருக்குச் சண்டிகரில் பொதுப்பணித்துறை வேலை கிடைத்தது. ரோடு இன்ஸ்பெக்டர். பெரிய உத்தியோகம் இல்லை, ரோடு போடுகிற இடத்தில் நின்று மேற்பார்வை பார்க்கிற வேலை. (இந்த ரோடு இன்ஸ்பெக்டர் விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

அப்போதுதான் லெ கொர்பூசியே என்ற மேதை சண்டிகரைக் காகிதத்தில் கோடு கோடாகப் போட்டு, செக்டார் செக்டாராக எழுப்பிக்கொண்டிருந்தார். புது நகரம் எழும்ப வேண்டும் என்றால் ஏற்கெனவே இருந்த கிராமங்கள் போக வேண்டும், இல்லையா? பல கிராமங்கள் காலியாகின, வீடுகளை இடித்தார்கள். உடைந்த ஓடு, பீங்கான், பழைய பானை, கண்ணாடி வளையல் துண்டு எல்லாம் குவிந்து கிடந்தது. தன் ஊரை இழந்து வந்த ஒரு ஆள், இன்னொருத்தர் ஊர் இடிந்து கிடப்பதைத் தினமும் வேலைக்குப் போகும் வழியில் பார்க்கிறார். அவர் மனதில் என்ன ஓடியது என்று நான் கதை கட்ட மாட்டேன். செய்ததை மட்டும் சொல்கிறேன். 1950களின் பிற்பகுதியிலிருந்து வேலை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அந்தக் குப்பையையும், ஆற்றுப் படுகைகளிலிருந்து விசித்திர உருவம் கொண்ட கற்களையும் பொறுக்கிக்கொண்டு வந்தார். ஏரிக்குப் பக்கத்தில் கட்டடமே கட்டக்கூடாது என்று அரசாங்கம் காடாக விட்டிருந்த நிலம். அங்கே யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்தார். பிறகு சிமெண்ட் குழைத்துச் சிலை செய்ய ஆரம்பித்தார். ராத்திரியில் பழைய டயரை எரித்து அந்த வெளிச்சத்தில் வேலை. இப்படிப் பல வருஷம். இந்தியில் இதற்கு என்ன பெயரோ, தமிழில் இதற்குப் பெயர் புறம்போக்கு ஆக்கிரமிப்பு :-)

1970களின் முதல் பாதியில் அதிகாரிகள் கண்ணில் பட்டபோது சுமார் 12 ஏக்கர் பரப்பில் ஒரு முழு ராஜ்ஜியமே நின்றுகொண்டிருந்தது. சட்டப்படி அதே வாரத்தில் இடித்திருக்க வேண்டும். ஆனால் அந்த ஊரின் தலைமைக் கட்டடக்கலைஞராக இருந்த எம்.என். சர்மா போன்றவர்கள் இதன் மதிப்பைப் புரிந்துகொண்டு பக்கத்தில் நின்றார்கள். ஊர் ஜனங்களும் நின்றார்கள். 1976இல் தோட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. நேக் சந்துக்குச் சம்பளம் கொடுத்து, முழுநேரமும் இதே வேலையைப் பார் என்று 50 ஆட்களையும் கொடுத்தார்கள். 1983இல் தபால்தலை, 1984இல் பத்மஸ்ரீ. அரசாங்க நிலத்தை வளைத்துப் போட்டதற்கு அரசாங்கமே பத்மஸ்ரீ கொடுத்த ஒரே கேஸ் இதுவாகத்தான் இருக்கும்.

இன்னொரு வேடிக்கை. சண்டிகரில் தனிமனிதர் சிலைகள் வைக்கக் கூடாது என்று கொர்பூசியே எழுதியே வைத்துவிட்டுப் போனார். நம்ம ஊரில் முக்குக்கு முக்கு சிலை பார்த்து வளர்ந்த எனக்கு இந்த ஊருக்கு வந்த புதிதில் நாற்சந்திகள் எல்லாம் ஏதோ காலியாகவே தெரிந்தன. அப்படிப்பட்ட ஊரில், கொர்பூசியே கட்டிய தலைமைச் செயலகம், சட்டசபை, உயர்நீதிமன்றம் மூன்றுக்கும் கூப்பிடு தூரத்தில், ஆயிரக்கணக்கில் சிலைகள். ராஜாவோ தலைவரோ இல்லை, தண்ணிக்குடம் தூக்கும் பெண்கள், மேளக்காரர்கள், குரங்கு, மாடு, சும்மா நிற்கிற ஜனங்கள். உள்ளே நேர்கோடே கிடையாது. வாசல்கள் எல்லாம் குனிந்து போகிற உயரம். மந்திரியானாலும் குனிந்துதான் போக வேண்டும்.

என் தொழில் சிவில் இன்ஜினியரிங். அதனால் மற்றவர்கள் முகத்தைப் பார்க்கும்போது நான் காலைப் பார்ப்பேன். சைக்கிள் ஃபோர்க்கும் இரும்புக் கம்பியும்தான் பல சிலைகளுக்கு எலும்பு. அதன்மேல் சிமெண்ட் கலவை, அதன்மேல் பீங்கான், வளையல். ரோடு போட்ட தார் டிரம்களை அடுக்கிச் சுவர். ஃபியூஸ் கட்டை, மின்கம்பத்துப் பீங்கான் குமிழ், வாஷ்பேசின், டாய்லெட் துண்டு என்று எதையும் விடவில்லை. சைக்கிள் சீட்டு மாட்டுத் தலையாகியிருக்கும். ரசிக்கலாம்தான். ஆனால் இரும்பும் சிமெண்டும் சேர்ந்த எதற்கும் ஒரு வியாதி உண்டு. மழைத்தண்ணி மெல்ல உள்ளே இறங்கும், கம்பி துருப்பிடிக்கும், துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், ஊதும், வெளியே இருக்கிற சிமெண்டைப் பிளக்கும். பிளந்த இடத்தில் இன்னும் தண்ணி. இது மெதுவாக நடக்கிற இடிப்பு. புல்டோசர் தேவையில்லை. வருகிறவர்கள் சிலை மேல் ஏறி போட்டோ எடுப்பதும், ஞாபகார்த்தமாக ஒரு வளையல் துண்டைப் பெயர்த்துக்கொண்டு போவதும் கூடுதல் உபகாரம். (நம்ம ஆட்களும்தான். நான் பார்த்தேன், பெயர் சொல்லவில்லை.)

ஆக இந்த இடத்துக்கு எதிரி இரண்டு. ஒன்று, கவனிப்பு இல்லாமை. இன்னொன்று, பார்க்கிங்.

சிரிக்காதீர்கள். பார்க்கிங் சண்டை இன்று நேற்று ஆரம்பித்தது இல்லை. 1980களின் கடைசியிலேயே உயர்நீதிமன்ற வக்கீல்கள் தரப்பு தோட்டம் விரிந்துகொண்டே போவதை எதிர்த்து, வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்று வழக்குப் போட்டது. வேடிக்கை என்னவென்றால் அதே உயர்நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்துவிட்டது. அதை ஒட்டிய காலத்தில் ரோடு போடுவதற்காக புல்டோசர் வந்தபோது ஜனங்கள் கை கோத்து மறித்து நின்றார்கள். திரும்பிப் போய்விட்டது. 1996இல் நேக் சந்த் வெளிநாடு போயிருந்த நேரத்தில் உள்ளே புகுந்து சிலைகளை உடைத்தார்கள். அதற்கு அடுத்த வருஷமே அவர் பெயரில் லண்டனில் ஒரு அறக்கட்டளை ஆரம்பமானது. வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் தங்கள் செலவில் வந்து ஓடு பதிக்கவும் ரிப்பேர் பார்க்கவும் உதவினார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சினில் கோலர் ஆர்ட்ஸ் சென்டர் என்ற அருங்காட்சியகம் அவருடைய சிலைகளை வாங்கிப் பாதுகாக்கிறது. இந்தியாவுக்கு வெளியே அதிகம் இருப்பது அங்கேதான். அங்கே குளிர்சாதன அறையில் வல்லுநர் குழு, இங்கே வெயில், மழை, குரங்கு.

2015 ஜூன் 12ஆம் தேதி நேக் சந்த் காலமானார். 90 வயது. கடைசிவரை தோட்டத்துக்கு வந்துகொண்டிருந்தவர்.

அப்புறம்தான் 2025. இந்தத் தடவை நீதிமன்றத்தின் உத்தரவுப்படியே ரோட்டை அகலப்படுத்துகிறார்கள், தோட்டத்தின் மூன்றாம் பகுதியை ஒட்டிய சுவர் இடிகிறது, ஓரத்து மரங்களும் போகின்றன. ஊர்க்காரர்கள், கலைஞர்கள், மாணவர்கள் கூடிக் குரல் கொடுத்தார்கள். இடிப்பு நிற்கவில்லை. ரோடு இன்ஸ்பெக்டரின் சுவரை ரோட்டுக்காகவே இடித்தார்கள்.

முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் செல்லாத காரணம் இப்போது எப்படிச் செல்லுபடியானது? என் அனுமானம் இதுதான். அப்போது 'இது என்னுடையது' என்று சொல்ல ஒரு ஆள் உயிரோடு இருந்தார். அவர் அங்கே கையில் சிமெண்ட் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தபோது, இடிக்க வந்தவனுக்கு ஒரு கூச்சம் இருந்தது. இப்போது அது ஒரு சுற்றுலாத் தலம். டிக்கெட் கவுன்டர் இருக்கிறது, டெண்டர் இருக்கிறது, கமிட்டி இருக்கிறது. சொந்தக்காரர் மட்டும் இல்லை.

எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பஞ்சாப், ஹரியானா, சண்டிகர் மூன்றுக்கும் ஒரே உயர்நீதிமன்றம். அந்தக் கட்டடம் 1950களில் கட்டியது, அன்றைக்கு யார் இத்தனை கார் வரும் என்று நினைத்தார்கள்? காலை பத்து மணிக்கு அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள், புல்தரையிலும் மண்ணிலும் கார். ஹிசாரிலிருந்தோ பட்டிண்டாவிலிருந்தோ கேஸுக்காக வருகிற ஏழை மனுஷன் எங்கே வண்டியை விடுவான்? நெரிசல் பொய்யில்லை. ஆனால் இன்ஜினியராகச் சொல்கிறேன், ரோட்டை அகலப்படுத்தினால் நெரிசல் தீர்ந்த ஊர் ஒன்றை எனக்குக் காட்டுங்கள். நம்ம சென்னையில் எத்தனை ரோட்டில் பார்த்தாச்சு! அகலமான ரோட்டுக்கு இன்னும் நாலு கார் வரும். தூரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் குட்டி பஸ்ஸில் கொண்டுவந்து விடுவது, வழக்கு நேரங்களைப் பிரித்துக் கொடுப்பது, காணொளியில் நடத்தக்கூடியதைக் காணொளியில் நடத்துவது எல்லாம் இருக்கிறது. அவ்வளவும் செய்து பார்த்துவிட்டு, கடைசியில் சுவரில் கை வைத்தால் பேசலாம்.

"அது வெறும் சுவர்தானே சார், சிலை எதுவும் உடையலையே" என்று என்னிடமே ஒருவர் சொன்னார். "வேணும்னா அதே மாதிரி தள்ளிக் கட்டிக்கலாமே" என்றும் சொன்னார். இங்கேதான் எனக்கு முரண்பாடு. ராக் கார்டனில் சிலை தனி, சுவர் தனி என்று பிரிக்கவே முடியாது. உள்ளே போனவர்களுக்குத் தெரியும், பாதி நேரம் நாம் பார்ப்பதே சுவர்தான். இரண்டு பக்கமும் உயரமான சுவர், குறுகலான சந்து, வெளியே என்ன இருக்கிறது என்று தெரியாது, திடீரென்று ஒரு முற்றம் திறக்கும், ஆயிரம் பொம்மை நம்மைப் பார்க்கும். ஒளித்துக் கட்டிய இடம் அது. ஒளிவிடத்துக்குச் சுவர்தானே உயிர்? ரங்கநாதர் பத்திரமாக இருக்கிறார், ஏழாவது மதிலை மட்டும் கார் நிறுத்த எடுத்துக்கொள்கிறோம் என்றால் ஸ்ரீரங்கத்துக்காரர்கள் சும்மா விடுவார்களா?

தள்ளிக் கட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் 'அப்படியே வைத்துப் பூட்டு' கட்சி இல்லை. நம்ம பக்கத்து ஐயனார் கோவில்களில் மண்குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். புரவி எடுப்புக்கு வேளார் வீட்டில் புதுக்குதிரை செய்து ஊர்வலமாகக் கொண்டுவந்து வைப்பார்கள். பழைய குதிரை காது போய், கால் போய், மழையில் கரைந்து அங்கேயே கிடக்கும். யாரும் அதற்குக் கண்ணாடிப் பெட்டி போடுவதில்லை. ஆனாலும் அது அழிந்துபோகவில்லை. ஏனென்றால் அடுத்த குதிரை செய்யத் தெரிந்த கை ஊரில் இருக்கிறது. அந்தக் கை போன ஊர்களில் சிமெண்ட் குதிரைக்கு பெயிண்ட் அடித்து நிறுத்திவிட்டார்கள், அதையும் பார்த்திருக்கிறோம்.

ராக் கார்டனுக்கும் அதுதான் கேள்வி. நேக் சந்தோடு வேலை செய்த ஆட்கள் வரிசையாக ஓய்வு பெறுகிற வயது. எந்தக் கலவையை எவ்வளவு ஈரத்தில் பூச வேண்டும், வளையல் துண்டை எந்தப் பக்கம் பார்த்துப் பதிக்க வேண்டும் என்பது அவர்கள் விரலில் இருக்கிறது, ஃபைலில் இல்லை. அவர்கள் பக்கத்தில் நாலு இளம் ஆட்களை உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்தால், நாளைக்கு இடிந்த சுவரை அவர்கள் கட்டுவது ராக் கார்டன் சுவர். டெண்டர் எடுத்தவர் கட்டினால் அது காம்பவுண்டு சுவர். ஒரு சிவில் காரனுக்கு இந்த வித்தியாசம் பத்தடி தூரத்திலேயே தெரிந்துவிடும். எனவே என் கோரிக்கைப் பட்டியலில் முதலாவது சுவர் இல்லை, கொத்தனார்கள்தான். நிரந்தர வேலை, கூடவே பயிற்சிக்கு ஆள். இரண்டாவது, வெளி எல்லை உட்பட மொத்த இடத்தையும் ஒரே படைப்பாக எழுத்தில் எழுதி வைப்பது. பக்கத்து கேபிடல் வளாகம் 2016இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது. கொர்பூசியேவுக்குக் காவல் கிடைத்தது, ரோடு இன்ஸ்பெக்டருக்கு இல்லை.

இப்போது நம்ம விஷயத்துக்கு வருகிறேன். "நாம வெளியூர், பிழைக்க வந்தவங்க, இது பஞ்சாபிக்காரங்க பார்த்துக்கிற விஷயம்." நியாயமான பயம்தான், நானும் இந்தியில் வாக்குவாதம் செய்யும்போது மூன்றாவது வாக்கியத்திலேயே இலக்கணம் தடுமாறுகிறவன்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். 1950க்கு முன் இந்த நகரமே இல்லை. பஞ்சாபிக்காரர், ஹரியானாக்காரர், மலைக்காரர், மலையாளி, நாம் எல்லாரும் வந்தேறிகள்தான். வராமல் முன்பே இருந்தவர்கள் அந்தக் கிராமத்து ஜனங்கள் மட்டும்தான், அவர்கள் வீட்டு ஓடும் வளையலும்தான் அந்தச் சிலைகள் மேல் இருக்கிறது. ஊர் இழந்த ஒருத்தர், ஊர் இழந்த மற்றவர்களின் பொருளை வைத்துக் கட்டிய ஊர் அது. பதினைந்து, இருபது வருஷமாக இங்கே வரி கட்டி, பிள்ளைகளை இங்கே பள்ளிக்கு அனுப்பி, தீபாவளிக்கு மட்டும் டிக்கெட் போடுகிற நமக்கு அதில் பேச உரிமை இல்லை என்றால் வேறு யாருக்கு? என் பெண்ணுக்குச் சொந்த ஊர் எது என்று கேட்டால் கும்பகோணம் என்று சொல்ல மாட்டாள், சண்டிகர் என்றுதான் சொல்வாள். சங்கத்தில் பொங்கல் விழாவுக்கு முந்நூறு பேர் கூடுகிறோம். அந்த முந்நூறு பேரும் ஆளுக்கு ஒரு கடிதம் நிர்வாகத்துக்குப் போட்டால் என்ன குறைந்துவிடும்? ஆங்கிலத்திலேயே எழுதலாம், இலக்கணம் தடுமாறாது :-)

சனி, ஞாயிறு கூட்டத்தில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடாமல், ஒரு வார நாளில் காலையிலேயே போங்கள். எங்கேயாவது ஒரு ஆள் உட்கார்ந்து ஓடு பதித்துக்கொண்டிருந்தால் பக்கத்தில் பிள்ளையை நிறுத்துங்கள். பெரும்பாலும் பேசுவார்கள், துண்டைக் கையில் கொடுத்தும் பார்க்கச் சொல்வார்கள். விருந்தாளிகள் வரும்போது அந்தச் சுவரின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கோயம்புத்தூர்ப் பக்கம் இருக்கும் சொந்தங்களுக்கு ஒரு தகவல். இதற்காக ரயில் ஏறி இவ்வளவு தூரம் வர வேண்டாம். பாலக்காடு மலம்புழா அணைக்குப் பக்கத்தில் நேக் சந்த் கைவண்ணத்தில் இன்னொரு ராக் கார்டன் இருக்கிறது. சின்னதுதான், அதே உடைந்த ஓடும் வளையலும்தான். கோவையிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். அணையையும் ரோப் காரையும் பார்த்துவிட்டு இதைப் பார்க்காமல் திரும்புகிறவர்கள்தான் அதிகம். போனால் சுவர், தரை, சிலையின் கால் எல்லாம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள். கம்பி வெளியே தெரிந்தால் போட்டோவும்.